என்ன காய்ச்சல்னு எழுதறது?

போன வருஷம் என் சின்னம்மாவுக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் இல்லை. குளிர் தூக்கித் தூக்கிப் போட்டது. மூன்று போர்வை போர்த்தியும் பல் கிடுகிடுத்தது. கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். வைத்தியத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஐந்து நாள் ஊசி, குளுக்கோஸ், ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, ஸ்கேன். ஆறாம் நாள் காலை சின்னம்மா எழுந்து உட்கார்ந்து, 'காப்பித் தண்ணி கெடைக்குமா கண்ணு?' என்று கேட்டதும் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம்.

பில்லா? அது கிடக்கட்டும். அதுதான் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே!

பதினைந்தாம் நாள் கடிதம் வந்தது. உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. காரணம், நோயாளி பரிசோதனை செய்துகொள்வதற்காக மட்டுமே அனுமதிக்கப்பட்டிருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்தில் எனக்கே காய்ச்சல் வந்திருக்கும். பல் கிடுகிடுத்தது பரிசோதனைக்காகவா? அக்கா மகளிடம் காகிதங்களைக் கொடுத்துப் புலம்பினேன். பயோடெக்னாலஜி படித்தவள். சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் மெடிக்கல் கோடிங் வேலை. டிஸ்சார்ஜ் சம்மரியை ஒரு நிமிடம் பார்த்தாள். சிரித்தாள்.

"மாமா, இதுல சீக்கு பேரே இல்லீங்களே!"

பார்த்தேன். உண்மைதான். நோய் என்ன என்று எழுத வேண்டிய இடத்தில், 'காய்ச்சல் - காரணம் ஆராயப்படுகிறது' என்று இங்கிலீஷில் அடித்திருந்தார்கள். ஆராய்ந்தார்களா? ஆராய்ந்தார்கள். மூன்றாம் நாளே சிறுநீர் கல்ச்சர் ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஈ.கோலை என்னும் பாக்டீரியா என்று அதில் தெளிவாக இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் டாக்டர் ஊசியையே மாற்றியிருக்கிறார். ஆனால் சம்மரி டைப் செய்த புண்ணியவான், முதல் நாள் எழுதிய வரியை அப்படியே கடைசி நாளும் அடித்துவிட்டார். டாக்டரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஆக, வைத்தியம் பார்த்தது பாக்டீரியாவுக்கு. எழுதியது வெறும் காய்ச்சலுக்கு. உயிர் பிழைத்தது. பணம் செத்தது.

நான் பி.காம். ரசீது இல்லாத செலவு, செலவே இல்லை என்பது எங்களுக்கு முதல் வருஷப் பாடம். அது உடம்புக்கும் பொருந்தும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. இந்தக் கணக்கு எங்கே ஆரம்பித்தது என்று தேடப் போனவன், லண்டனில் ஒரு துணிக்கடைக்குப் போய், அங்கிருந்து சுற்றி வளைத்து மறுபடி நம் ஊர் பிளேக் மாரியம்மன் வாசலுக்கே வந்து நின்றேன். வாருங்கள், நீங்களும் ஒரு நடை வந்துவிடுங்கள்.

*

முதலில் அக்கா மகள் செய்யும் வேலை என்ன என்று தெரிந்துகொள்வோம். காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது 'மெடிக்கல் கோடிங் பயிற்சி' என்று போர்டு பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவது போலிருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. அமெரிக்காவில் எங்கோ ஒரு பாட்டி ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து போகிறார். அவரைப் பற்றி டாக்டரும் நர்சும் எழுதியதெல்லாம் கம்ப்யூட்டர் வழியே இங்கே வருகிறது. அதை வரி விடாமல் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் அதற்குரிய எண்ணைப் போட வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் அங்கே இன்ஷூரன்ஸ் பணம் தரும்.

எண்ணுக்குப் பெயர் ஐ.சி.டி. நோய்களின் சர்வதேச வகைப்பாடு. 2015 அக்டோபர் 1 முதல் அமெரிக்கா பயன்படுத்தும் பதிப்பில் எழுபதாயிரத்துக்கு மேல் எண்கள் இருக்கின்றன. அதில் ஏ, பி என்று ஆரம்பிக்கும் வரிசை முழுக்கத் தொற்று நோய்கள். ஏ00 காலரா. ஏ01 டைபாய்டு. ஏ15-இலிருந்து காசநோய். ஏ30 தொழுநோய். நடுவே ஏ20 என்று ஒன்று இருக்கிறது. அது பிளேக். இதை ஞாபகத்தில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

என் சின்னம்மாவின் காய்ச்சலையே எடுத்துக்கொள்வோம். வெறும் காய்ச்சல் என்றால் ஆர்50.9. அது ஒரு அறிகுறி, நோய் அல்ல. சிறுநீர்ப் பாதைத் தொற்று என்றால் என்39.0. அதைச் செய்தது ஈ.கோலை என்றால் கூடவே பி96.20 என்று இன்னொரு எண். முதல் எண் குற்றம் நடந்த இடம், இரண்டாவது எண் குற்றவாளி. அந்தக் கிருமித் தொற்று உடம்பு முழுக்கப் பரவி செப்சிஸ் ஆகிவிட்டால் ஏ41.51. அதனால் உறுப்புகள் பழுதானால் ஆர்65.20. ரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலைக்குப் போனால் ஆர்65.21. ஒரே பாக்டீரியா, எத்தனை படி பார்த்தீர்களா?

"கல்ச்சர் ரிப்போர்ட்தான் இருக்கிறதே, அதைப் பார்த்து நீயே எண் போட்டுவிட வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"ஐயோ மாமா, வேலை போயிரும்!" என்றாள்.

லேப் ரிப்போர்ட்டில் ஆயிரம் இருக்கட்டும். 'இந்தத் தொற்று இந்தக் கிருமியால் வந்தது' என்று டாக்டர் எழுதியிருந்தால்தான் கோடர் அதைத் தொடலாம். சந்தேகம் வந்தால் டாக்டருக்குக் கேள்வி எழுதலாம். அதிலும், 'இது செப்சிஸ்தானே சார்?' என்று கேட்கக் கூடாது. கோர்ட்டில் சாட்சிக்கு வார்த்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது அல்லவா, அந்த மாதிரி. பரிசோதனை முடிவுகளை எடுத்து வைத்து, 'உங்கள் கருத்து என்ன?' என்றுதான் கேட்க வேண்டும். 'யூரோசெப்சிஸ்' என்று டாக்டர்கள் சர்வசாதாரணமாக எழுதும் ஒரு வார்த்தைக்கு அந்தப் புத்தகத்தில் எண்ணே கிடையாது. சிறுநீர்த் தொற்றா, செப்சிஸா, இரண்டில் எது என்று திருப்பிக் கேட்டே ஆக வேண்டும்.

எழுதியதுதான் நடந்தது. எழுதாதது நடக்கவில்லை. இதுதான் அந்தத் தொழிலின் வேதம்.

*

இந்த வேதத்துக்கு முதல் உரை எழுதியவர் டாக்டர் இல்லை. ஒரு வியாபாரி. ஜான் கிரான்ட் என்று பெயர். 17ஆம் நூற்றாண்டு லண்டனில் துணிமணி, பட்டன் விற்றுக்கொண்டிருந்தவர்.

அந்தக் காலத்து லண்டனில் வாராவாரம் சாவுக் கணக்கு அச்சிட்டு விற்பார்கள். பணக்காரர்கள் அதை வாங்கிப் பார்த்து, பிளேக் ஏறுகிறது என்று தெரிந்தால் வண்டி கட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். சரி, இந்த ஆள் பிளேக்கில் செத்தான் என்று யார் முடிவு செய்வது? தேவாலயம் நியமித்த வயதான பெண்கள். பிணத்தைப் பார்த்துவிட்டு வந்து என்ன நோய் என்று சொல்ல வேண்டும். கூலி சில்லறைக் காசு.

இங்கேதான் வில்லங்கம். பிளேக் என்று சொல்லிவிட்டால் மீதிப் பேரை உள்ளே வைத்து அந்த வீட்டையே பூட்டிவிடுவார்கள். ஆகவே கிழவி கையில் கொஞ்சம் காசு, குடிக்கக் கொஞ்சம் சரக்கு. பிளேக் வேறு ஏதாவது காய்ச்சலாகிவிடும்.

கிரான்ட் 1662-இல் இந்தக் கணக்குகளை வைத்து ஒரு புத்தகம் போட்டார். அதில் அவர் செய்த வேலையைப் பார்த்தால் எந்த ஆடிட்டரும் கையெடுத்துக் கும்பிடுவார். 1625-ஆம் வருஷத்துப் பிளேக்கை எடுத்துக்கொண்டார். அந்த வருஷம் பிளேக் அல்லாத மற்றச் சாவுகளும் வழக்கத்தைவிட ஏகத்துக்கு ஏறியிருந்தன. ஏன் ஏற வேண்டும்? அந்த வருஷம் மட்டும் மற்ற நோய்களுக்கு என்ன வெறி? ஒன்றுமில்லை, பிளேக் சாவைத்தான் வேறு தலைப்பில் எழுதியிருக்கிறார்கள் என்று பிடித்துவிட்டார். கணக்கில் காட்டியதைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு அதிகம் பேர் பிளேக்கில் செத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். கொரோனா காலத்தில் 'கூடுதல் மரணங்கள்' என்று ஒரு கணக்குப் போட்டார்களே, அதற்கு மூத்த தாத்தா இதுதான்.

பிறகு நடந்ததை வேகமாகப் பார்த்துவிடலாம். 1830களின் கடைசியில் இங்கிலாந்தின் பதிவாளர் அலுவலகத்துக்கு வில்லியம் ஃபார் வந்தார். ஒரே நோய்க்கு ஊருக்கு நாலு பெயர் இருந்தால் கணக்கு எப்படி உருப்படும் என்று வாழ்நாள் முழுக்க மல்லுக்கு நின்றார். 1893-இல் சிகாகோவில் கூடிய புள்ளியியல் அறிஞர்கள், பாரிஸைச் சேர்ந்த ஜாக் பெர்ட்டியோன் தயாரித்த மரணக் காரணப் பட்டியலை ஏற்றுக்கொண்டார்கள். 1900-இல் பாரிஸில் 26 நாடுகள் உட்கார்ந்து அதைத் திருத்தின. 1948-இல் உலக சுகாதார நிறுவனம் அதைத் தன் பொறுப்பில் எடுத்தது. அதுவரை செத்தவர்களுக்கு மட்டும் இருந்த எண், உயிரோடு இருக்கும் நோயாளிகளுக்கும் வந்தது. அந்த வரிசையில் 11-ஆவது பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அமெரிக்கா இன்னும் பத்திலேயே நிற்கிறது. ஆகவே சரவணம்பட்டியும் பத்திலேயே நிற்கிறது.

*

பாரிஸில் இப்படிப் பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்த நேரத்தில் கொங்கு நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது?

இங்கே பதிவாளர் யார் தெரியுமா? ஊர் மணியக்காரர். வரி வசூல், வாய்க்கால் தகராறு, எல்லைக்கல் பஞ்சாயத்து இத்யாதிகளுக்கு நடுவே பிறப்பு இறப்புக் கணக்கும் அவர் தலையில்தான். மெட்ராஸ் மாகாணத்தில் 1899-இல் இதற்கென்று தனிச் சட்டமே வந்தது. சாவு விழுந்தால் மணியக்காரருக்குத் தகவல் போகும். அவர் பதிவேட்டில் ஏற்றுவார். பிறகு அது தாலுகாவுக்குப் போகும், அங்கிருந்து மேலே போகும்.

பெயர், வயது, ஆணா பெண்ணா, எல்லாம் சரி. கடைசியில் 'காரணம்' என்று ஒரு கட்டம். மணியக்காரர் என்ன எம்.பி.பி.எஸ்ஸா? அவருக்குத் தெரிந்த தலைப்புகள் சில. வாந்திபேதி, வைசூரி, வயிற்றுப்போக்கு, காயம், மற்றவை. இதில் எதிலும் அடங்காமல் உடம்பு சுட்டுச் செத்தவர்கள் எல்லோரும் ஒரே தலைப்பில் போனார்கள். 'காய்ச்சல்.' மலேரியா, டைபாய்டு, நிமோனியா, பிரசவத்துக்குப் பின் வரும் ஜன்னி, எல்லாம் அந்த ஒரே கட்டத்தில். பிரிட்டிஷ் இந்தியா முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அக்காலத்தில் பதிவான மரணங்களில் பாதிக்கு மேல் காய்ச்சல் கணக்கில்தான் இருக்கும். ஒரு கம்பெனியின் செலவில் பாதியை 'இதர செலவு' என்று காட்டினால் ஆடிட்டர் விடுவாரா? ஆனால் ஒரு தேசத்தின் சாவுக் கணக்கை அப்படித்தான் பல பத்தாண்டுகள் எழுதினார்கள்.

இந்த நிலையில்தான் பிளேக் வந்தது.

1894-இல் ஹாங்காங்கில் அலெக்சாந்தர் யெர்சன் அந்த பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். 1896-இல் அது கப்பலேறி பம்பாய்க்கு வந்துவிட்டது. 1897-இல் தொற்றுநோய்ச் சட்டம் போட்டார்கள். 1898-இல் பெங்களூர். அங்கிருந்து கோயமுத்தூருக்கு எவ்வளவு தூரம்? 1900களின் ஆரம்ப வருஷங்களில் இங்கேயும் எலிகள் செத்து விழ ஆரம்பித்தன. அப்புறம் 1940கள் வரை விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது. பஞ்சு வியாபாரம், தானிய மண்டி, நெருக்கியடித்த தெருக்கள். எலிக்கு இதைவிட என்ன வேண்டும்? எலியின் உடம்பிலிருக்கும் தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கடத்துகிறது என்று பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1898-இல் கராச்சியில் சோதனை செய்து காட்டினார். அன்றைக்கு யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜனத்தொகைக் கணக்கு ஒன்று சொல்கிறேன். 1901-இல் கோயமுத்தூர் நகரத்தில் 53,080 பேர். பருத்தி, ரயில், மில் என்று வளர்ந்துகொண்டிருந்த ஊர். 1911-இல் எத்தனை இருக்க வேண்டும்? அறுபதாயிரமாவது வேண்டாமா? சுமார் 47 ஆயிரம்தான். அந்தப் பத்து வருஷமும் ஊரை உலுக்கிக்கொண்டிருந்தது பிளேக். செத்தவர்கள் போக, பயந்து வெளியேறியவர்களும் உண்டு. பிற்பாடு முனிசிபல் சேர்மன் ரத்தினசபாபதி முதலியார் பெயரில் அகலமான, நேர்நேரான வீதிகளோடு ஆர்.எஸ்.புரம் உருவானது என்றால், பழைய ஊரின் நெரிசலைப் பார்த்து ஊர் மிரண்டு போயிருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

என் ஆத்தா, அதாவது அப்பாவின் அம்மா, ஒரு கதை சொல்வார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீட்டு விட்டத்திலிருந்து எலி ஒன்று பொத்தென்று விழுந்து செத்ததாம். அன்று சாயங்காலமே சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு குடும்பமே தோட்டத்துச் சாளைக்குப் போய்விட்டது. ஆனால் அதற்குள் பெரியப்பாவுக்கு அக்குளில் நெறி கட்டிவிட்டது. நாலே நாள். "ஊருக்குள்ள கேட்டா காச்சல்னு சொல்லோணும்னு எங்கய்யன் சொல்லிப்போட்டாரு சாமி" என்பார் ஆத்தா. மணியக்காரர் பதிவேட்டில் என்ன ஏறியிருக்கும் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஏன் மறைத்தார்கள்? முட்டாள்தனம் என்று நினைக்காதீர்கள். பிளேக் என்று எழுதினால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நோயாளியைப் பிரித்துக் கொண்டுபோவார்கள். வீட்டு ஓட்டைப் பிரித்து வெயில் விடுவார்கள். சாமான்களைக் கொளுத்துவார்கள். வெளியூர் போக பிளேக் பாஸ்போர்ட் வேண்டும், போன இடத்தில் பத்து நாள் அதிகாரிக்கு முகம் காட்ட வேண்டும். புனேவில் இந்தக் கெடுபிடியின் உச்சத்தில்தான் 1897 ஜூனில் பிளேக் அதிகாரி ராண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். லண்டன் கிழவிக்குக் காசு கொடுத்ததற்கும் எங்கள் குடும்பம் பொய் சொன்னதற்கும் காரணம் ஒன்றே. பெயர் எழுதினால் தண்டனை.

ஆனால் மறைத்ததற்கும் ஒரு விலை இருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் அதைக் காய்ச்சல் என்றே நம்பி, எலி செத்த வீட்டுக்குள்ளேயே இருந்தான்.

அரசாங்கப் பதிவேட்டில் மறைத்த அதே ஜனங்கள், சாமியிடம் மட்டும் மறைக்கவில்லை. கோவையின் பழைய பகுதிகளில் சுற்றிப் பாருங்கள். பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. கொள்ளைநோய் மாரியம்மன் இல்லை, பிளேக் மாரியம்மன்! வைசூரிக்கும் அம்மைக்கும் ஏற்கெனவே அம்மன் உண்டு. இது புதிய நோய். பழைய அம்மனின் கணக்கிலேயே சேர்க்காமல், நோயின் பெயரை உள்ளபடி சொல்லித் தனிக்கோயில் வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் கோயமுத்தூரின் முதல் மெடிக்கல் கோடிங் அதுதான். ஏ20-க்கு நம் ஜனங்கள் கல்லில் எழுதிய பெயர். 2021 மே மாதம் இருகூர் காமாட்சிபுரி ஆதீனத்தில் கொரோனா தேவி சிலை வைத்தபோது நாடே வேடிக்கை பார்த்தது. நமக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நூறு வருஷப் பழக்கம்.

*

பெயரை மறைப்பது ஆபத்து என்றால், அவசரப்பட்டுப் பெயர் வைப்பது?

1994 செப்டம்பரில் சூரத்தில் மக்கள் மூச்சுத்திணறிச் சாக ஆரம்பித்தார்கள். நுரையீரல் பிளேக் என்று செய்தி பரவியது. லட்சக்கணக்கானவர்கள் ரயிலேறினார்கள். கடைகளில் டெட்ராசைக்ளின் மாத்திரை தீர்ந்துபோனது. பல நாடுகள் இந்திய விமானங்களை நிறுத்தின, ஏற்றுமதி அடிவாங்கியது. பிளேக் கணக்கில் எழுதப்பட்ட மரணங்கள் ஐம்பதுக்குச் சற்று மேல். பரிசோதனைகள் ஆரம்பத்திலேயே சரியாகச் செய்து ஆவணப்படுத்தப்படாததால், அது பிளேக்தானா என்ற சர்ச்சையே வெகுகாலம் ஓடியது. ஒரு வார்த்தை. அதற்கு ஒரு தேசம் கொடுத்த விலை அது.

ஒழுங்காகக் கேட்டுப் பதிந்த சாட்சியம் ஒரு மனிதனைக் காப்பாற்றியதும் உண்டு. 1902 அக்டோபரில் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் பிளேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸ் வந்து இறந்தார்கள். தடுப்பூசியைக் கண்டுபிடித்த வால்டெமார் ஹாஃப்கினின் ஆய்வுக்கூடத்தில்தான் தப்பு என்று பழி விழுந்தது. வேலையும் போனது. அவரைக் கடைசியில் மீட்டது விசாரணையில் பதிவான சில விவரங்கள். 19 பேருக்கும் ஊசி ஒரே குப்பியிலிருந்து. அதைத் திறக்கும்போது உதவியாளர் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்திருக்கிறது, அதைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை. குப்பியைத் திறந்தபோது கெட்ட வாடையும் இல்லை. கிருமி ஆய்வுக்கூடத்திலேயே நுழைந்திருந்தால் வாடை வந்திருக்கும். ரொனால்ட் ராஸ் போன்றவர்கள் இதை எடுத்துவைத்து வாதாடி, 1907-இல் அவருடைய பெயரைத் துடைத்தார்கள்.

இப்போது அமெரிக்காவுக்கு வாருங்கள். அங்கே கதை தலைகீழ். முதியோர்களுக்கான அரசு காப்பீடான மெடிகேர், 1983-இலிருந்து ஆஸ்பத்திரிகளுக்கு நாள் கணக்கில் பணம் தருவதை நிறுத்தியது. இன்ன நோய்ப் பிரிவுக்கு இன்ன தொகை என்று நிர்ணயித்தது. விளைவு? சாதாரண சிறுநீர்த் தொற்று என்றால் ஒரு தொகை. செப்சிஸ் என்றால் அதைவிட நிறைய. உடனே சின்னத் தொற்றையெல்லாம் செப்சிஸ் என்று எழுதும் ஆசை வருமா வராதா? வந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஆடிட் வைத்தன. செப்சிஸ் என்றால் எதை வைத்துச் சொல்கிறாய் என்று இன்றுவரை சண்டை நடக்கிறது.

பாருங்கள் வேடிக்கையை. நம் ஊரில் பெயர் எழுதினால் தண்டனை, அதனால் குறைத்து எழுதினார்கள். அங்கே பெயர் எழுதினால் வெகுமதி, அதனால் கூட்டி எழுதப் பார்க்கிறார்கள். இரண்டு பக்கமும் பாக்டீரியா தன் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. பொய் சொல்வது காகிதம். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 'டாக்டர் உண்மையிலேயே என்ன சொல்கிறார்?' என்று நடுவில் உட்கார்ந்து யோசிப்பவள் என் அக்கா மகள்.

*

சரி, நம் வீட்டுக் கணக்கு இன்று எப்படி இருக்கிறது?

மணியக்காரர் பதவி 1980-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஒழிந்தது. கிராம நிர்வாக அலுவலர் வந்தார். 1969-ஆம் வருஷத்து மத்தியச் சட்டப்படி பிறப்பு இறப்பைப் பதிவதில் தமிழ்நாடு நல்ல பிள்ளை. ஆனால் பதிவு வேறு, காரணம் வேறு. 2020-ஆம் ஆண்டுக்கான கணக்குப்படி இந்தியாவில் பதிவான மரணங்களில் டாக்டர் சான்றளித்த காரணம் இருந்தது 22.5 சதவீதத்துக்குத்தான். மீதிப் பேர் எதனால் போனார்கள்? 1990களில் சென்னையில் ஓர் ஆய்வுக்குழு இதற்காகவே வீடுவீடாகப் போனது. இறந்தவரின் குடும்பத்தினரிடம் கடைசி நாட்களின் அறிகுறிகளைக் கேட்டுக் கேட்டு எழுதி, தெளிவில்லாமல் கிடந்த ஏராளமான மரணங்களுக்குக் காரணம் கண்டுபிடித்தது. அந்த அளவுக்கு மெனக்கெட வேண்டியிருக்கிறது.

டாக்டர் சான்று தந்தாலும் பிரச்னை தீர்ந்துவிடாது. 'இதயம் நின்றுவிட்டது' என்று எழுதிவிடுகிறார்கள். யாருக்குத்தான் இதயம் நிற்காமல் உயிர் போயிருக்கிறது? அந்தப் படிவத்தில் கேட்பது ஒரு சங்கிலி. கடைசியாக என்ன நடந்தது, அது எதனால், அது எதனால் என்று கீழே இறங்கிக்கொண்டே போக வேண்டும். செப்சிஸ், அது காலில் ஏற்பட்ட பாக்டீரியா தொற்றால், அது ஆறாத சர்க்கரைப் புண்ணால். இப்படி எழுதினால்தான் நாளைக்கு அரசாங்கம் சர்க்கரைக்கு மருந்து வாங்குவதா, புண்ணுக்குக் கட்டு வாங்குவதா என்று முடிவெடுக்க முடியும்.

இதில் உயிரே அடங்கியிருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். வருஷா வருஷம் மழைக்காலத்தில் 'மர்மக் காய்ச்சல்' என்று பேப்பரில் தலைப்புப் போடுவோம். நானே போட்டிருக்கிறேன். அந்த மர்மத்தில் ஒரு பங்கு ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் பாக்டீரியா நோய். புதர்களில் இருக்கும் பொடிப்பொடியான உண்ணிகள் கடிப்பதால் வருவது. தோலில் சிகரெட் சுட்டது போலக் கறுப்பாக ஒரு தழும்பு இருக்கும், தேடிப் பார்த்தால் தெரியும். அதற்கு ஐ.சி.டி.யில் எண் ஏ75.3. மருந்து டாக்சிசைக்ளின், மலிவான மாத்திரை. நோயின் பெயர் தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம். தெரியாமல் தாமதமானால் நுரையீரலும் சிறுநீரகமும் கெட்டுச் சாகலாம். செத்தபின் 'காய்ச்சல்' என்றே எழுதினால், அடுத்த வருஷம் அதே ஊரில் அடுத்த ஆளுக்கும் யாரும் அந்தத் தழும்பைத் தேட மாட்டார்கள்.

ராத்திரி இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது அக்கா மகள் ஒன்று சொன்னாள். "மாமா, டெக்சாஸ்ல ஒரு பாட்டிக்கு எந்தக் கால்ல, எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படலைன்னு அஞ்சு எண் போடறேன். ஆனா நம்ம அப்புச்சி செத்தப்போ சர்ட்டிபிகேட்ல என்ன காரணம்னு போட்டாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க."

எனக்கும் தெரியாது. எங்கள் யாருக்கும் தெரியாது. தோட்டத்து வீட்டில், காய்ச்சல் கண்டு, மூன்றாம் நாள் போனார். வயசாச்சு, போனார். அவ்வளவுதான் எங்கள் ஆவணம்.

*

சின்னம்மா கதை சுபம்தான். மறுபடி அந்த டாக்டரிடம் போனோம். சம்மரியையும் கல்ச்சர் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மனிதர் நல்லவர். தலையில் அடித்துக்கொண்டு, 'ஈ.கோலை பாக்டீரியாவால் ஏற்பட்ட சிறுநீர்ப் பாதைத் தொற்று' என்று தேதி போட்டுத் திருத்தம் எழுதிக் கையெழுத்திட்டார். ஒரே ஒரு வரி. அடுத்த மாதம் பணம் வந்துவிட்டது.

ஆகவே உங்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த தடவை யாரையாவது ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வரும்போது ஆட்டோ கூப்பிடுவதற்கு முன்னால் அந்தச் சம்மரியை ஒரு தடவை படியுங்கள். நோயின் பெயர் இருக்கிறதா? கிருமியைக் கண்டுபிடித்திருந்தால் அதன் பெயர் இருக்கிறதா? கொடுத்த மருந்து எது, எத்தனை நாள் என்று இருக்கிறதா? இல்லையென்றால் கேளுங்கள், டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். வீட்டில் ஒரு மரணம் நேர்ந்தால், அந்தத் துக்கத்திலும், காரணம் என்ற கட்டத்தில் உண்மை ஏறட்டும். உங்களுக்காக இல்லை, பக்கத்து வீட்டுக்காரனுக்காக.

எங்கள் பெரிய பாட்டனார் பிளேக்கில்தான் செத்தார். வெறும் காய்ச்சலில் அல்ல. கொஞ்சம் தாமதம்தான், இருந்தாலும் இன்றைக்கு எழுதிவிட்டேன்.